சீட்டித் திரையும் செம்புத் தவலையும்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். கல்லூரியிற் பயிலும் அவர் மகள், தங்கள் இரண்டறைக் குடியிருப்பை ஐரோப்பிய நாட்டுப்புற வீடு போல் மாற்றியமைக்க வேண்டுமென்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கின்றாளாம். வெள்ளைச் சாயம் பூசி, விளிம்புகளில் அதனைச் சுரண்டிப் பழமை தோன்றச் செய்த அலமாரி ஒன்று; பூப்போட்ட திரைச்சீலைகள்; சுவரில் வைக்க நீலச் சித்திரத் தட்டுகள் ஆறு; செம்பு நிறம் பூசிய தகரக் கூஜா ஒன்று. எல்லாம் கைப்பேசியிலே படமும் விலையுமாகக் காணக் கிடைப்பவை. கூட்டிப் பார்த்தால் தம் கணவரின் ஒரு மாதச் சம்பளம் போதாது என்கின்றார் சகோதரி. அதனினும் அவரை வருத்துவது வேறொன்று. அலமாரிக்கு இடம் வேண்டுமாகையால், மூலையில் நிற்கும் பாட்டியின் செம்புத் தவலையைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகள் சொல்கின்றாளாம். “இஃது அவளுடைய வீண் ஆசையா, அல்லது நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவள் ஆகிவிட்டேனா?” என்று கேட்டிருக்கின்றார்.

ஆசை வீணன்று என்பதே நம் முதற் கருத்து. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளுக்குச் சென்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுவரில் ஒரு நாட்காட்டி, ஒரு கடிகாரம், சாமி படங்கள், அவ்வளவே. கட்டிலின் கீழே பத்து ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத பெட்டிகள் இருக்கும். கேட்டால், “ஊரிலே வீடு கட்டுவோம் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். ஊரிலே வீடு எழும்பு முன் குழந்தைகள் வளர்ந்து பட்டம் பெற்றுவிடுகின்றனர். பெற்றோருக்கு இது தங்குமிடமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதுதானே வீடு! பிறந்து வளர்ந்த அறைகளைக் கண்ணுக்கு இனிதாகச் செய்ய ஒரு பெண் விரும்பினால், அதனைத் தடுப்பது முறையன்று. எதனை வாங்குவது, எதனை விடுவது என்பதே கேள்வி.

அதற்கு, அவள் விரும்பும் அந்த அழகு எங்கே பிறந்தது என்பதைச் சற்று அறிதல் நலம். செல்வர் மாளிகைகளை இங்கே நாம் பேசவில்லை. செட்டிநாட்டு மாளிகைகளில் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியத்துக் கண்ணாடியும் வந்து அமர்ந்தன. அது மாளிகையைப் பார்த்து மாளிகை செய்த அலங்காரம். இப்பெண் விரும்புவதோ குடியானவர் வீட்டு அழகு. அங்கே அலங்காரம் என்று தனியே ஒன்றும் இருந்ததில்லை. காற்றுக்கும் குளிருக்கும் வறுமைக்கும் ஈடு கொடுத்து அவர்கள் செய்துகொண்டவையே பிற்காலத்தார் கண்ணுக்கு அழகாகத் தோன்றின.

பிரான்சின் தென்பகுதியாகிய பிராவென்சு நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே வடக்கிலிருந்து மிஸ்திரால் என்னும் கடுங்காற்று வீசும். ஆகவே பண்ணை வீடுகள் தெற்கு நோக்கிக் கட்டப்பட்டன. வடக்குச் சுவரில் சாளரம் அரிது. சுவர்கள் பருமன், உள்ளே வெளிச்சம் குறைவு. எனவே சுண்ணாம்பு அடித்தார்கள். தரையிலே அறுகோணச் சுட்ட ஓடுகள் பதித்தார்கள். நாற்காலிகளுக்கு நாணல் போன்ற புல்லை முறுக்கிப் பின்னி இருக்கை செய்தார்கள். ஓவியர் வான் கோ 1888ஆம் ஆண்டில் ஆர்ல் நகரில் இருந்தபோது அத்தகைய நாற்காலி ஒன்றைச் செந்நிறத் தரைமீது வரைந்தார். அப்படம் இப்பொழுது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. இங்கிலாந்திலும் நாற்காலி பின்ன ஒரு நீர்ப்புல் வழங்கி வந்தது. அது நம் பத்தமடைப் பாய்க்குரிய கோரையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அவர்கள் கோரைமேல் உட்கார்ந்தார்கள். நாம் கோரைமேல் படுத்தோம். வேறுபாடு அவ்வளவே.

ஆலந்து நாட்டார் வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு வரிசை நீலச் சித்திர ஓடுகள் பதித்தமைக்கும் காரணம் உண்டு. அவர்கள் தரையை நாள்தோறும் நீர்விட்டுக் கழுவுவார்கள். ஈரத் துடைப்பம் பட்டுச் சுவரின் பூச்சு உதிராமல் காத்தவை அவ்வோடுகள். அந்நீலச் சித்திரமும் சீனப் பீங்கானைப் பார்த்து எழுதியதுதான். 17ஆம் நூற்றாண்டின் நடுவிலே சீனத்தில் மிங் அரசு வீழ்ந்து பீங்கான் வரத்து குறைந்தபோது, டெல்ப்ட் நகரத்துக் குயவர்கள் அதனைப் போன்றவற்றைச் செய்து விற்றுப் பெருகினர். பட்டியலிலுள்ள ஆறு தட்டுகளின் பாட்டனார் சீனர் என்பதை மகளுக்குச் சொல்லலாம்.

ஸ்வீடன் தேசத்திலே கார்ல் லார்சன் என்னும் ஓவியரும் அவர் மனைவி காரினும் சுந்த்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்தனர். 1888இல் காரினின் தந்தையார் கொடுத்த சிறிய மரவீடு அது. மனைவியார் திரைகளையும் விரிப்புகளையும் தாமே நெய்தார். நாற்காலிகளுக்கு உருவம் வரைந்து ஊர்த் தச்சரைக் கொண்டு செய்வித்தார். பழைய மரச்சாமான்களுக்குச் செஞ்சாயமும் பச்சைச் சாயமும் பூசினர். பிள்ளைகள் ஓடியாடும் அந்த அறைகளைக் கணவர் நீர்வண்ணத்தில் வரைந்து 1899இல் நூலாக வெளியிட்டார். இன்றளவும் அந்நாட்டார் இல்லம் என்றால் அந்த வீட்டையே நினைக்கின்றனர். அங்கே கடையில் வாங்கியது குறைவு. கையிலிருந்ததைச் சீராக்கியதே மிகுதி. அந்நாட்டுக் குடியானவர் வீடுகளில் விரிக்கப்படும் கோடிட்ட விரிப்பு, கிழிந்த துணிகளை நாடாக்களாகக் கிழித்து நெய்ததாகும். பழம்புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்த நம் பாட்டிமார்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இதற்கு மறுதலையான வேடிக்கையும் ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசி மேரி அன்டோய்னெட், வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் 1783இல் தமக்கென ஒரு பொய்ச் சிற்றூரைக் கட்டத் தொடங்கினார். குளம், ஆலை, பால் மனை, குடிசைகள் எல்லாம் அமைந்தன. குடிசைச் சுவர்கள் பழமையாகத் தோன்ற வேண்டுமே! அதற்காகப் புதுச் சுவரின்மேல் வெடிப்புகளைச் சாயத்தால் எழுதச் செய்தார்கள். உள்ளே நுழைந்தாலோ அரச போகம். புதிய அலமாரியின் சாயத்தைச் சுரண்டிப் பழமை காட்டும் இன்றைய வணிகருக்கு இவ்வம்மையாரே முன்னோடி என்று நமக்குத் தோன்றுகின்றது. உழைத்துத் தேய்ந்த விளிம்பு வேறு, உப்புத்தாள் தேய்த்த விளிம்பு வேறு, பார்த்தவுடன் தெரியும்.

இனித் திரைச்சீலைக்கு வருவோம். நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே இதன் பொருட்டுத்தான். ஐரோப்பிய நாட்டுப்புற வீடு என்றதும் கண்முன் நிற்கும் அந்தப் பூப்போட்ட பருத்தித் துணியின் பிறப்பிடம் ஐரோப்பாவன்று. நம் சோழமண்டலக் கரை! நம் பாட்டிமார் ‘சீட்டி’ என்று வழங்கிய துணிதான் அது. ஆங்கிலேயர் ‘சின்ட்ஸ்’ என்றதும் அதனையே. பிரெஞ்சுக்காரர் இன்னும் வெளிப்படையாக ‘அந்தியென்’, அதாவது இந்தியத் துணி, என்றனர். மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கரையோரத்தில் அது எழுதப்பட்டது. 1639இல் சென்னையிலே ஆங்கிலேயர் இடம் பெற்றதும் துணி வாணிபத்தை நாடியே. நெசவாளரையும் சாயம் எழுதுவோரையும் குடியமர்த்த 1734இல் உண்டாக்கிய இடம் சிந்தாதிரிப்பேட்டை. துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. சென்னையில் உறவினர் உள்ள அன்பர்கள் அடுத்த முறை அவ்விடங்களைக் கடக்கும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம்.

அக்கரை நாட்டார் அத்துணியில் மயங்கியதற்குப் பூக்கள் மட்டும் காரணமல்ல. துவைத்தாலும் சாயம் போகவில்லை என்பதே பெருவியப்பு. அந்த இரகசியம் நம் சாயக்காரர் கையில் இருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பர். கரித்தூள் கொண்டு சித்திரம் பெயர்ப்பர். கறுப்புக்கு இரும்பு நீரும், சிவப்புக்குப் படிகார நீரும் எழுதுகோலால் தீட்டுவர். பின்பு சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் இலைக்குப் பச்சை கிடைக்கும். கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இக்கரையில் இருந்தபோது, சாயக்காரர்களிடம் கேட்டறிந்த இம்முறைகளை 1742இல் ஒரு கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதியனுப்பினார். அஃது அங்கே அச்சாயிற்று. ஒரு தொழிலின் உயிர்நிலை ஒரு கடிதத்தில் ஏறிக் கடல் கடந்தது என்று எண்ணும்போது மனம் சற்றே கனக்கின்றது.

துணி சென்ற நாடுகளில் உண்டான கலகமும் சிறிதன்று. இலண்டனில் அரசுப் பணியிலிருந்த சாமுவேல் பீப்ஸ், 1663ஆம் ஆண்டிலேயே தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மறைக்கச் சீட்டி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். இவ்வாறு வீடுதோறும் சீட்டி நுழைந்தபின் கம்பளி, பட்டு நெசவாளர் வயிறு காய்ந்தது. பிரான்சு அரசு 1686இல் சீட்டியைத் தடை செய்தது. 1759 வரை, எழுபத்துமூன்று ஆண்டுகள், தடை நீடித்தது. இலண்டனிலே 1719இல் நெசவாளர்கள் சீட்டி உடுத்துத் தெருவில் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர். 1721இல் இயற்றிய சட்டம் உடையில் மட்டுமன்றி, வீட்டுத் தட்டுமுட்டுகளிலும் அச்சிட்ட பருத்தித் துணியை விலக்கியது. அது 1774 வரை இருந்தது. அதன் பின்னும் இந்தியச் சீட்டிக்கு வழி திறக்கவில்லை. புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் வீட்டுக் கட்டிலுக்கு இந்நாட்டிலிருந்து சென்ற சீட்டித் திரையைச் சுங்கத்தார் பிடித்து வைத்துக்கொண்டனர். அக்கட்டில் இன்று இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. தடை செய்யச் செய்ய ஆசை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சேல்ஸுக்கு அருகே ஜூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் ஆலை நிறுவினார். முதலில் மரக்கட்டை அச்சு. 1770 முதல் செப்புத் தகட்டு அச்சு. வெள்ளையில் ஒற்றைச் சிவப்போ நீலமோ கொண்டு ஆயர்களையும் மரங்களையும் காட்டும் துணி இன்றைக்கும் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. 1783இல் வெளிவந்த சித்திரம் ஒன்றில் அவ்வாலையின் வேலைகளே, துணி துவைப்பதும் புல்வெளியில் உலர்த்துவதும் அச்சிடுவதும், வரையப்பட்டுள்ளன. தொழிலாளியின் வேலையைச் செல்வர் வீட்டுத் திரையில் தொங்கவிட்ட அந்த ஓவியர் ஹுவேயை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பிராவென்சுக்காரரோ சிறுபூவையும் மாங்காயையும் விடாது பிடித்துக்கொண்டனர். நம் புடவைக் கரையில் இருக்கின்ற அதே மாங்காய்!

எனவே, திரைக்குச் சீட்டி வேண்டும் என்று மகள் கேட்பது அந்நிய மோகம் என்று சகோதரி கருத வேண்டியதில்லை. தாய்வீட்டுப் பொருளைத்தான் அவள் சுற்றுவழியிற் கேட்கின்றாள். அதற்காகப் ‘பிரெஞ்சு’ என்று முத்திரை குத்திய பாலியெஸ்டர் திரையை அதிக விலைக்கு வாங்குவானேன்? அச்சிட்ட பருத்தித் துணி இந்நாட்டில் எந்தக் கதர்க் கடையிலும் கிடைக்கும். கையால் எழுதும் கலங்காரி, கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் உண்டு. விலை கூடுதலாகையால் திரைக்கு ஆகாது. ஒரு முழத்துண்டு சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் ஆறு தட்டுகளின் வேலையை அது ஒன்றே செய்யும்.

அலமாரியைப் பற்றி நமக்குக் கண்கூடான அனுபவம் உண்டு. இரயில் நிலையப் பார்சல் அலுவலகத்திலே எழுத்தராயிருக்கும் நம் கண்முன்னே, மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களின் தட்டுமுட்டுகள் ஆண்டு முழுதும் ஏறி இறங்குகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் ஒரு மாற்றலைத் தாங்கினால் அதிசயம். திருகாணி பிடித்த துளை விரிந்து மூலை கழன்றுவிடும். மழை நீர் பட்டாலோ ஊதிப் பிளந்துவிடும். வெண்சாயத்தை எவ்வளவு அழகாகச் சுரண்டினாலும் உள்ளே இருப்பது மரத்தூளே. பழைய மரச்சாமான் கடையில் தேக்கோ மாமரமோ கிடைத்தால் அதனை வாங்கிச் சாயம் பூசலாம். லார்சன் குடும்பம் செய்ததும் அதுவே. இல்லாவிடில் சமையலறையில் இரண்டு திறந்த பலகைகள் போதும். ஆங்கிலக் குடியானவர் வீட்டு ‘டிரெஸர்’ என்பது வேறென்ன? மூடிவைக்க அலமாரி இல்லாதவர்கள் தட்டுகளை நிறுத்தி வைத்த திறந்த அடுக்கே அது. பலகையின் முன்விளிம்பில் மெல்லிய சட்டம் ஒன்று அறைந்துவிட்டால், இரயில் அதிர்விலும் தட்டு விழாது. நம் குடியிருப்புகள் தண்டவாளத்தை ஒட்டியவை என்பதை மறக்கலாகாது.

தவலை விஷயத்தில் மட்டும் நாம் சகோதரியின் பக்கமே உறுதியாக நிற்கின்றோம். பிரெஞ்சு நாட்டுப்புறச் சமையலறையின் பெருமையே சுவரில் தொங்கும் செம்புப் பாத்திரங்கள்தாம். நார்மண்டியில் செம்பு வேலைக்குப் பேர்போன ஊரொன்று, தன் பெயரிலேயே ‘வாணலி’யைச் சுமந்து, வில்தியூ-லே-புவால் என்று வழங்குகின்றது, நமக்குக் கும்பகோணம் போல் அவர்களுக்கு அது. அவர்களும் உட்புறம் ஈயம் பூசியே சமைத்தார்கள். அவர்கள் தெருவிலும் ஈயம் பூசுவோர் கூவிக்கொண்டு வந்தார்கள். பாட்டியின் செம்பை மகளும் பேத்தியும் துலக்கி வைத்துக்கொள்வதுதான் அந்நாட்டார் வழக்கம். மகள் காட்டிய படங்களில் மினுங்குபவை அத்தகைய செம்புகளே. அந்த அழகை வேண்டி உண்மைச் செம்பை எடைக்குப் போட்டுச் செம்பு நிறத் தகரத்தை விலைக்கு வாங்குவதை அந்த நாட்டுக் கிழவி கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பாள். நாம் அறிந்த அன்பர் ஒருவர் வீட்டில் இவ்வாறே நடந்துவிட்டது. தவலை போன மூலையில் இப்போது கூஜா நிற்கின்றது. அதில் தண்ணீர் ஊற்ற முடியாது, அடி ஒழுகும்.

பார்சல் அலுவலகத்தில் நாம் காணும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர் குடும்பம் மாற்றலாகி வரும்போது தவலையை வெறுமையாக அனுப்புவதில்லை. உள்ளே அரிசி, பழம்புடவையிற் சுற்றிய விளக்கு, குழந்தையின் பொம்மை எல்லாம் அடைத்து, வாயைக் கோணியால் தைத்து அனுப்புவர். எத்தனை ஊர் இறங்கி ஏறினாலும் நசுங்குமேயன்றி உடையாது. அந்த நசுங்கல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப்பெயர் உண்டு. சகோதரியின் பெண் அவற்றைத் தாயிடம் கேட்டறியட்டும். பிறகு புளியும் உப்பும் இட்டுத் துலக்கி, சாளரத்தடியில் வெள்ளைச் சுவருக்கு முன்னே வைக்கட்டும். மாலை வெயில் படும் இடமானால் இன்னும் நன்று. குடைகளை அதில் நிறுத்தி வைக்கலாம். அல்லது ஊரிலிருந்து வரும் கருணைக்கிழங்கைக் கொட்டி வைக்கலாம்.

சுவரைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்ச் சாயம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உரிந்து வரும். சாயம் பூசாத சுவரானால் நீறிய சுண்ணாம்பை மெல்லியதாக மூன்று முறை அடிப்பது, பருமனாக ஒருமுறை அடிப்பதினும் மேல். வாடகை வீட்டில் ஆணி அடிக்க உடையவர் ஒவ்வாராயின், சட்டமிட்ட துண்டைப் பலகைமீது சாய்த்து வைத்தாலும் அழகுதான்.

திரைக்குத் துணி எடுக்கும் சகோதரிகள் சாளரத்தின் அகலத்தைப் போல் இருமடங்கு வாங்க வேண்டும்; அப்போதுதான் மடிப்பு விழும். சுருங்கும் துணியாகையால் தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துக. உலர்ந்தபின் அளந்து பார்த்தே வெட்டுக. அடிமடிப்பை நான்கு விரற்கடை விட்டுத் தைத்தால், அடுத்த குடியிருப்பில் சாளரம் உயரமாக இருப்பினும் அவிழ்த்து இறக்கிக்கொள்ளலாம்.